மன்னிப்புக்கு ரேட் கார்டு, வெண்ணெய்க்கு லெட்டர்... அக்டோபர் 31-ல் மார்ட்டின் லூதர் கேட்டது என்ன?

அக்டோபர் 31 வந்துவிட்டால் இன்ஸ்டாகிராம் முழுக்க ஹாலோவீன்தான். பூசணிக்காய், பேய் வேஷம், ஐ.டி. ஆபீஸ்களில் தீம் பார்ட்டி. ஆனால், அதே நாளில் ஜெர்மனியின் 9 மாநிலங்களில் அரசு விடுமுறை. பேய்க்காக இல்லை. தென் அமெரிக்காவில் சிலி நாட்டிலும் இந்த நாளை ஒட்டி ஒரு லீவு உண்டு. 1517-ம் வருஷம் இதே தேதியில் ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒரு பேராயருக்கு எழுதிய கடிதம்தான் இதற்கெல்லாம் காரணம்.

அந்தப் பேராசிரியர் மார்ட்டின் லூதர். அவர் எழுப்பிய கேள்வியைச் சுருக்கினால் ஒரே வரிதான்: கடவுளின் மன்னிப்பைக் காசு கொடுத்து வாங்க முடியுமா?

இந்தக் கேள்வி ஐரோப்பாவின் திருச்சபையை இரண்டாகப் பிளந்தது, அரசியலை மாற்றியது என்பதெல்லாம் பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தில் படித்திருப்போம். அதிகம் பேசப்படாத ஒன்று இருக்கிறது. கிறிஸ்தவர்கள் காலண்டரைப் பார்க்கும் விதத்தையே அந்தக் கேள்வி மாற்றியது. பண்டிகை, நோன்பு, அட்வெந்து, லெந்து எல்லாம் எதற்காக? கடவுளிடம் பாயின்ட்ஸ் சேர்க்கவா, வேறு எதற்காவதா? லுத்தரன் திருச்சபைகள் இதற்கு என்ன பதில் சொல்கின்றன என்று பார்ப்போம்.

முதலில், யார் இந்த லூதர்?

ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். இவர் அமெரிக்காவின் மார்ட்டின் லூதர் கிங் இல்லை. அவருக்கு நானூறு வருஷத்துக்கு மேல் முந்தையவர். கிங்குக்கு அந்தப் பெயர் வந்ததே இவரால்தான். கிங்கின் அப்பா 1934-ல் ஜெர்மனி போய்வந்த பிறகு தன் பெயரையும் மகன் பெயரையும் 'மைக்கேல்' என்பதிலிருந்து 'மார்ட்டின் லூதர்' என்று மாற்றிக்கொண்டார்.

ஜெர்மனியின் ஐஸ்லேபன் நகரில் 1483 நவம்பர் 10-ல் பிறந்தவர் லூதர். மறுநாள் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அன்று புனித மார்ட்டின் திருநாள், அதனால் பெயரும் மார்ட்டின். பிள்ளைக்குப் பெயர் வைப்பதுகூடத் திருச்சபைக் காலண்டரைப் பார்த்துத்தான் நடந்த காலம் அது.

அப்பா தாமிரச் சுரங்கத் தொழிலில் இருந்தவர். மகன் வக்கீலாக வேண்டும் என்று ஆசைப்பட்டார். லூதரும் எர்ஃபுர்ட் நகரில் சட்டம் படிக்கச் சேர்ந்தார். 1505 ஜூலையில் நடுவழியில் இடி மின்னலில் மாட்டிக்கொண்டவர், உயிர் பிழைத்தால் துறவியாகிறேன் என்று புனித அன்னாளிடம் நேர்ந்துகொண்டார். சில நாட்களிலேயே அகஸ்டீனிய மடத்தில் சேர்ந்துவிட்டார். அப்பாவுக்குக் கடும் கோபம்.

மடத்தில் லூதருக்கு நிம்மதி கிடைக்கவில்லை. உபவாசம் இருந்தார், இரவெல்லாம் ஜெபித்தார், மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்தார். அறிக்கை செய்துவிட்டுத் திரும்பும்போதே, சொல்ல மறந்த பாவம் ஒன்று ஞாபகத்துக்கு வரும். 'நான் செய்தது போதுமா?' என்ற கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை. இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு நடந்த எல்லாவற்றுக்கும் ஆரம்பம் இதுதான்.

பாவமன்னிப்புச் சீட்டு என்றால் என்ன?

அன்றைய போதனைப்படி பாவத்துக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒன்று, குற்றம். மனம் வருந்தி, பாவ அறிக்கை செய்தால் குரு வழியாக அது மன்னிக்கப்படும். இன்னொன்று, அதற்கான தண்டனை. அதை இந்த உலகத்திலோ, செத்த பிறகு உத்தரிக்கிற ஸ்தலத்திலோ அனுபவித்துத் தீர்க்க வேண்டும். இந்தத் தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் போப்புக்கு உண்டு என்ற அடிப்படையில் கொடுக்கப்பட்டதுதான் பாவமன்னிப்புச் சீட்டு.

அதாவது, ஏட்டில் உள்ள இறையியல்படி அது மன்னிப்பையே விற்கும் சீட்டு இல்லை. தண்டனைக் குறைப்புச் சீட்டு. ஆனால், சந்தையில் சீட்டு விற்பவர் இந்த நுணுக்கத்தையெல்லாம் விளக்கிக்கொண்டா இருப்பார்? ஜொஹான் டெட்சல் என்ற டொமினிக்கன் துறவி இந்த வசூலில் பேர்போனவர். பெட்டியில் காசு விழும் சத்தம் கேட்டதுமே செத்தவரின் ஆன்மா விடுதலையாகிவிடும் என்கிற ரீதியில் பிரசாரம் நடந்தது. 'உங்கள் அப்பா அம்மா அங்கே வேதனைப்படுகிறார்களே, சில காசு கொடுக்க மனமில்லையா?' என்பதுபோலப் பேசினால் யாருக்குத்தான் மனசு கேட்கும்?

ரேட் கார்டும் இருந்தது. ராஜா, ராணி, ஆயர் என்றால் 25 தங்க நாணயம். அந்தஸ்து இறங்க இறங்கத் தொகையும் இறங்கும். கைத்தொழிலாளிக்கு 1 நாணயம். கையில் ஒன்றுமே இல்லாதவர்கள் காசுக்குப் பதிலாக ஜெபமும் உபவாசமும் செலுத்தலாம். இன்றைய வருமான வரி ஸ்லாப் மாதிரி.

அந்தப் பணம் எங்கே போனது?

ரோமில் புனித பேதுரு பேராலயத்தைப் புதிதாகக் கட்டும் வேலை 1506-ல் தொடங்கியிருந்தது. அதற்கான நிதி என்றுதான் மக்களிடம் சொன்னார்கள். அது பாதி உண்மை.

பிராண்டன்பர்க் அரச குடும்பத்தைச் சேர்ந்த ஆல்பிரெக்ட், இருபதுகளிலேயே மாக்டபர்க் பேராயர் ஆனவர். 1514-ல் மைன்ஸ் பேராயர் பதவியும் அவருக்குக் கிடைத்தது. ஒருவரே இத்தனை பதவி வகிப்பது விதிக்குப் புறம்பு. அதற்கு ரோமிடம் சிறப்பு அனுமதி வேண்டும், அதற்குப் பெரும் தொகை கட்ட வேண்டும். ஆக்ஸ்பர்க் நகரின் ஃபுக்கர் வங்கிக் குடும்பத்திடம் கடன் வாங்கிக் கட்டினார். கடனை அடைக்க ஒரு வழி செய்து கொடுக்கப்பட்டது: அவருடைய பகுதியில் சீட்டு விற்கலாம், வசூலில் பாதி ரோமுக்கு, பாதி ஃபுக்கர் வங்கிக்கு. போப் பத்தாம் லியோவின் ஒப்புதலோடு நடந்த ஏற்பாடு இது. காசு போட்ட சாதாரண ஜனங்களுக்கு இந்தப் பின்கதை தெரியாது. கடிதம் எழுதியபோது லூதருக்கும் இது முழுசாகத் தெரியாது.

லூதர் அப்போது விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் வேதாகமப் பேராசிரியர். அவருடைய சாக்சனி நாட்டுக்குள் டெட்சலை ஆட்சியாளர் ஃபிரடெரிக் அனுமதிக்கவில்லை. அதனால் என்ன? ஜனங்கள் எல்லை தாண்டிப் பக்கத்து ஊருக்குப் போய்ச் சீட்டு வாங்கி வந்தார்கள். ஃபிரடெரிக்கும் லேசுப்பட்டவர் இல்லை. புனிதர்களின் எலும்பு, உடை என்று சுமார் 19,000 பொருட்களைச் சேகரித்து வைத்திருந்தார். சகல பரிசுத்தவான்கள் திருநாளான நவம்பர் 1-ல் அவை கோட்டை ஆலயத்தில் காட்சிக்கு வைக்கப்படும். பார்த்துக் காணிக்கை செலுத்துபவர்களுக்கும் தண்டனைக் குறைப்பு உண்டு!

இப்போது தேதிகளைச் சேர்த்துப் பாருங்கள். நவம்பர் 1-க்கு முந்தின நாள் அக்டோபர் 31. ஆங்கிலத்தில் ஹாலோவீன் என்ற சொல்லே 'சகல பரிசுத்தவான்கள் திருநாளுக்கு முந்தின மாலை' என்பதன் சுருக்கம்தான். ஹாலோவீனும் சீர்திருத்த நாளும் ஒரே தேதியில் வருவதற்கு அந்த நவம்பர் 1 திருநாள்தான் காரணம்.

லூதர் நிஜமாகவே கதவில் ஆணி அடித்தாரா?

கையில் சுத்தியல், கோட்டை ஆலயக் கதவு, 95 வாசகங்கள். எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கும் படம் இது. ஆனால், வரலாற்றாசிரியர்கள் இதில் ஒருமித்த கருத்தில் இல்லை. கதவில் மாட்டியதாக எழுதிய மெலாங்க்தன், லூதரின் நெருங்கிய சகாதான். ஆனால், அவர் விட்டன்பர்க் வந்ததே 1518-ல். அதை எழுதியதோ லூதர் இறந்தபின் 1546-ல். 1961-ல் எர்வின் இசர்லோ என்ற கத்தோலிக்க அறிஞர் 'ஆணியே அடிக்கவில்லை' என்று வாதிட்ட பிறகு சர்ச்சை சூடுபிடித்தது.

சர்ச்சையே இல்லாத ஒன்று உண்டு. 1517 அக்டோபர் 31 தேதியிட்டு ஆல்பிரெக்டுக்கு லூதர் எழுதிய கடிதம். 95 வாசகங்களையும் அதோடு சேர்த்து அனுப்பினார். அந்தக் கடிதம் இன்றும் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் பாதுகாக்கப்படுகிறது. பழைய மரக்கதவு 1760-ல் போரில் எரிந்துவிட்டது. இப்போது அங்கே இருப்பது 1858-ல் வைத்த, 95 வாசகங்களும் பொறிக்கப்பட்ட வெண்கலக் கதவு.

அந்த வாசகங்கள் லத்தீனில் எழுதப்பட்டவை. பல்கலைக்கழக விவாதத்துக்கான குறிப்புகள். புரட்சிப் பிரகடனம் எல்லாம் இல்லை. மனம் திரும்புதல் என்பது ஒருநாள் சடங்கு இல்லை, வாழ்நாள் முழுக்க நடப்பது என்று முதல் வாசகம் ஆரம்பிக்கிறது. உண்மையாக மனம் வருந்துபவருக்குச் சீட்டு இல்லாமலேயே மன்னிப்பு உண்டு. சீட்டு வாங்கும் காசை ஏழைக்குக் கொடுப்பது மேல். இவ்வளவு பணக்காரரான போப் ஏன் சொந்தக் காசில் ஆலயம் கட்டக் கூடாது என்று ஜனங்கள் கேட்கிறார்களே... இப்படிப் போகிறது பட்டியல்.

அந்த வருஷம் முடிவதற்குள் லைப்சிக், நியூரம்பர்க், பாசல் நகர அச்சகங்கள் அதை அச்சடித்துவிட்டன. லூதர் சுதாரித்துக்கொண்டு ஜெர்மன் மொழியில் சின்னச் சின்னப் பிரசுரங்களாக எழுத ஆரம்பித்தார். இன்றைய பாஷையில் சொன்னால், வைரல்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 1520-ல் போப்பின் எச்சரிக்கை ஆணை வந்தது, லூதர் அதைத் தீயில் போட்டார். 1521 ஜனவரியில் திருச்சபையிலிருந்து நீக்கப்பட்டார். ஏப்ரலில் வோர்ம்ஸ் நகரில் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் முன் நின்று, எழுதியதைத் திரும்பப் பெற மறுத்தார். உயிருக்கு ஆபத்து என்பதால் ஃபிரடெரிக்கின் ஆட்கள் அவரைக் கடத்துவதுபோலக் கொண்டுபோய் வார்ட்பர்க் கோட்டையில் ஒளித்து வைத்தார்கள். அங்கே தாடி வளர்த்து, வேறு பெயரில் இருந்தபடி புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்திலிருந்து ஜெர்மனுக்கு மொழிபெயர்த்தார். வெறும் 11 வாரத்தில்! 1522 செப்டம்பரில் வெளியான அது, டிசம்பரிலேயே மறுபதிப்பு கண்டது.

சரி, அவர் சொன்ன புது விஷயம்தான் என்ன?

'நான் செய்தது போதுமா?' என்ற பழைய கேள்விக்கு வருவோம். வருஷம் முழுக்க உழைத்துவிட்டு அப்ரைசலில் என்ன ரேட்டிங் வருமோ என்று பதறும் மனநிலையோடு கடவுள் முன்னால் நின்றுகொண்டிருந்தார் லூதர். 'கடவுளின் நீதி' என்ற சொல்லே அவருக்குப் பயம். நீதி என்றால் தண்டனை என்று அர்த்தம் பண்ணிக்கொண்டிருந்தார்.

பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தை ஆழ்ந்து யோசித்தபோது வேறொரு அர்த்தம் புலப்பட்டதாக அவரே பிற்காலத்தில் எழுதினார். கடவுளின் நீதி என்பது அவர் மனிதனிடம் கேட்பது இல்லை. அவர் மனிதனுக்குக் கொடுப்பது. விசுவாசிப்பவனை, அவன் சம்பாதிக்காமலேயே, கடவுள் நீதிமானாக ஏற்றுக்கொள்கிறார். இதைத்தான் 'விசுவாசத்தால் நீதிமானாக்கப்படுதல்' என்று லுத்தரன் இறையியல் சொல்கிறது. மற்ற எல்லா உபதேசமும் இதைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருக்கிறது.

'அப்போ நல்லது செய்யவே வேண்டாமா?' இது அன்றே எழுந்த கேள்வி. லூதரின் பதில் 1520-ல் கிறிஸ்தவனின் சுதந்திரம் பற்றி எழுதிய நூலில் இருக்கிறது. நல்லது செய்துதான் கடவுளிடம் பெயர் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் போய்விட்டால், அந்த உழைப்பு முழுக்கப் பக்கத்தில் இருப்பவனுக்குத் திரும்பும். செருப்புத் தைப்பவரும், பிள்ளைக்குத் துணி மாற்றும் தகப்பனும் செய்வது துறவியின் ஜெபத்துக்குக் குறைந்த வேலை இல்லை. அவரும் துறவறத்தை விட்டு, 1525-ல் கன்னியர் மடத்திலிருந்து வெளியேறிய கத்தரினா ஃபொன் போராவைக் கல்யாணம் செய்துகொண்டார்.

வெண்ணெய்க்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இங்கேதான் காலண்டர் வருகிறது. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் அன்றைய சட்டப்படி இறைச்சி மட்டும் இல்லை. முட்டை, பால், வெண்ணெய்க்கும் தடை. இத்தாலிக்காரர்களுக்குப் பிரச்சினை இல்லை, ஆலிவ் எண்ணெய் இருக்கிறது. ஜெர்மனியில் ஆலிவ் விளையாது. இறக்குமதியாகும் எண்ணெயோ விலை அதிகம், தரம் மட்டம்.

தீர்வு? அனுமதிக் கடிதம். காசு கட்டினால் லெந்து நாளிலும் வெண்ணெய் சாப்பிடலாம். போப் எட்டாம் இன்னசென்ட் 1491-ல் சாக்சனிக்கு அப்படி ஒரு 'வெண்ணெய்க் கடிதம்' கொடுத்தார். இன்று கிறிஸ்துமஸ் சமயத்தில் உலகம் முழுக்க விற்பனையாகும் டிரெஸ்டன் ஸ்டோலன் கேக்கில் இவ்வளவு வெண்ணெய் சேர்ந்த கதையை அந்த ஊர்க்காரர்கள் இந்தக் கடிதத்திலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். பிரான்ஸின் ரூவான் பேராலயத்தில் ஒரு கோபுரத்துக்குப் பெயரே 'வெண்ணெய்க் கோபுரம்'. லெந்துவில் வெண்ணெய் சாப்பிட அனுமதி வாங்கியவர்கள் கட்டிய காசில் எழுந்தது என்பதால் வந்த பெயர்.

லூதர் இதை 1520-ல் கடுமையாகக் கிண்டல் செய்தார். ரோமில் இருப்பவர்கள் தங்கள் செருப்புக்குக்கூடப் பூசாத எண்ணெயை நம்மைச் சாப்பிடச் சொல்லிவிட்டு, வெண்ணெய் தின்னும் உரிமையை நமக்கே விற்கிறார்கள் என்பது அவர் வாதம். சீட்டுக்குச் சொன்ன அதே லாஜிக்தான். கடவுள் தடை செய்யாததைத் தடை செய்வது, பிறகு அந்தத் தடையிலிருந்து விடுதலையை விற்பது.

ஒரே ஞாயிறு, இரண்டு ஊர்

1522 மார்ச் 9. லெந்து காலத்தின் முதல் ஞாயிறு. அன்று இரண்டு ஊர்களில் நடந்ததைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் லூதரின் மனசு புரியும்.

சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில், ஃப்ரோஷவர் என்ற அச்சகக்காரர் வீட்டில் சிலர் கூடினார்கள். சாசேஜை வெட்டிப் பகிர்ந்து சாப்பிட்டார்கள். லெந்துவில் இறைச்சி! வேண்டுமென்றே செய்த மீறல். அங்கே இருந்த சீர்திருத்தவாதி ஸ்விங்லி தான் சாப்பிடவில்லை; ஆனால், சாப்பிட்டவர்களுக்கு ஆதரவாகப் பிரசங்கம் செய்து, நூலும் எழுதினார். சூரிக் சீர்திருத்தத்தின் ஆரம்பமாக இந்தச் சம்பவத்தைத்தான் சொல்வார்கள்.

அதே நாள், விட்டன்பர்க். லூதர் ஒளிந்திருந்த சமயத்தில், அவருடைய சக பேராசிரியர் கார்ல்ஷ்டட் அங்கே தடாலடி மாற்றங்களைத் தொடங்கியிருந்தார். ஆலயச் சிலைகள் உடைந்தன. குழப்பம் முற்றியதும் லூதர் ஆபத்தைப் பொருட்படுத்தாமல் கோட்டையிலிருந்து ஊர் திரும்பினார். அந்த ஞாயிறு தொடங்கி எட்டு நாள், தினம் ஒரு பிரசங்கம். மாற்றம் தேவையில்லை என்று அவர் சொல்லவில்லை. சாப்பாட்டு விதியும் சிலையும் மனிதர்களின் விருப்பத்துக்கு விட்ட விஷயங்கள். அதைச் சட்டமாக்குவது தப்பு என்றால், அதை உடைத்தே தீர வேண்டும் என்று இன்னொரு சட்டம் போடுவதும் தப்பு. இன்னும் தயாராகாத மனிதனை இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள். இதுதான் அவர் பேசியதன் சாரம். ஊர் அமைதியானது.

நோன்பிருந்தால் புண்ணியம் சேராது. சாப்பிட்டால் பாவமும் ஒட்டாது. 1530-ல் பேரரசர் முன் வாசிக்கப்பட்ட, லுத்தரன் திருச்சபைகளின் அடிப்படை ஆவணமான ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையும் இதையேதான் சொல்கிறது. ஒழுங்குக்கும் அமைதிக்கும் உதவும் பண்டிகைகளை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அவை மீட்புக்குத் தேவை என்று யார் மனசாட்சியிலும் பாரம் ஏற்றக் கூடாது.

அப்போ காலண்டர் தப்பித்ததா?

ஒரு கட்டத்தில் லூதரே ஞாயிறு தவிர மற்ற எல்லாத் திருநாட்களையும் எடுத்துவிடலாம் என்று எழுதியவர்தான். நாள் பூரா குடி, சூதாட்டம், வேலை வெட்டி இல்லாமல் ஏழைக்குக் கூலி நஷ்டம் என்பது அவர் புகார். கடைசியில் அவர் செய்தது சீரமைப்பு. கிறிஸ்துவின் வாழ்க்கையைச் சொல்லும் நாட்களும், அப்போஸ்தலர் போன்ற வேதாகமப் பாத்திரங்களின் நாட்களும் தங்கின. மற்ற புனிதர்களின் நாட்கள் பெருமளவு கழிந்தன. வாசிக்கத் தெரியாத ஜனங்களுக்கு வருஷம் முழுக்க ஒரு கதையைச் சொல்லிக்கொண்டே போகும் பாடத்திட்டமாகக் காலண்டர் மாறியது.

இன்று ஒரு லுத்தரன் ஆலயத்தில் பீடத்தின் துணி நிறத்தைப் பார்த்தே எந்தக் காலம் என்று சொல்லிவிடலாம்:

- அட்வெந்து (ஊதா அல்லது நீலம்): கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள். திருச்சபை ஆண்டு ஜனவரியில் இல்லை, இங்கேதான் தொடங்குகிறது. அட்வெந்து வளையமும் லுத்தரன் கண்டுபிடிப்புதான். 1839-ல் ஹாம்பர்க் நகரில் ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லம் நடத்திய விச்செர்ன் என்ற போதகர், 'கிறிஸ்துமஸ் எப்போ, எப்போ?' என்று நச்சரித்த பிள்ளைகளுக்காகப் பழைய சக்கரம் ஒன்றில் மெழுகுவர்த்தி வைத்து, தினம் ஒன்றாக ஏற்றினார்.
- கிறிஸ்துமஸ், எபிபனி (வெள்ளை): டிசம்பர் 25 முதல், சாஸ்திரிகள் குழந்தை இயேசுவைக் காண வந்ததை நினைக்கும் ஜனவரி 6 வரை.
- லெந்து (ஊதா): சாம்பல் புதன் முதல் ஈஸ்டருக்கு முந்தின சனி வரை, ஞாயிறுகளைக் கழித்து 40 நாள். ஞாயிறு எப்போதுமே உயிர்த்தெழுதலின் நாள் என்பதால் நோன்புக் கணக்கில் வராது.
- பெரிய வெள்ளி (கறுப்பு, அல்லது துணியே இல்லாத வெற்றுப் பீடம்): கடவுளை மகிமையில் தேடாதே, சிலுவையில் தேடு என்பது லூதரின் முக்கியமான போதனை. அதனால் லுத்தரன் மரபில் இந்த நாளுக்குத் தனி கனம்.
- ஈஸ்டர் (வெள்ளை): மார்ச் 21-லோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமியை அடுத்த ஞாயிறு. நிலாக் கணக்கு என்பதால்தான் 2024-ல் மார்ச் 31, 2025-ல் ஏப்ரல் 20 என்று தேதி குதிக்கிறது.
- பெந்தெகொஸ்தே (சிவப்பு): ஈஸ்டரிலிருந்து எண்ணினால் 50-வது நாள். தூய ஆவியின் வருகை.
- திரித்துவ ஞாயிறுக்குப் பிந்தைய காலம் (பச்சை): ஏறக்குறைய அரை வருஷம். பெரிய பண்டிகை எதுவும் இல்லாத, அன்றாட வாழ்க்கையின் காலம்.
- சீர்திருத்த நாள் (சிவப்பு): அக்டோபர் 31, அல்லது அதை ஒட்டிய ஞாயிறு. சாக்சனியின் ஆட்சியாளர் இரண்டாம் ஜொஹான் கியோர்க் 1667-ல் போட்ட உத்தரவுக்குப் பிறகு இது வருடாந்தர வழக்கமாகப் பரவியது.

இந்தக் காலண்டர் உலகுக்குக் கொடுத்த பெரிய பரிசு இசை. குருமாரும் பாடகர் குழுவும் மட்டும் லத்தீனில் பாடியதை மாற்றி, சபையே தன் மொழியில் பாட வேண்டும் என்றார் லூதர். 1524-ல் வெளியான முதல் லுத்தரன் பாட்டுப் புத்தகத்தில் மொத்தமே 8 பாட்டு. அதில் 4 அவர் எழுதியவை. இருநூறு வருஷம் கழித்து, லைப்சிக் நகரில் ஜொஹான் செபாஸ்டியன் பாக் ஞாயிறுக்கு ஞாயிறு அந்தந்த நாளின் வேதபாடத்துக்கு ஏற்ற இசை எழுதினார். அட்வெந்தின் கடைசி மூன்று ஞாயிறுகளிலும் லெந்துவிலும் அங்கே அந்த இசைக்கு ஓய்வு. அந்த மௌனத்துக்குப் பிறகு கிறிஸ்துமஸ் காலையில் வாத்தியங்கள் முழங்கினால் எப்படி இருந்திருக்கும்!

லூதர் எல்லாவற்றிலும் சரியா?

இல்லை. சீர்திருத்த நாளில் லுத்தரன் திருச்சபைகளே இன்று இதை மறைக்காமல் பேசுகின்றன. 1525-ல் பண்ணையார்களுக்கு எதிராக விவசாயிகள் எழுந்தபோது, அவர்களின் சில கோரிக்கைகள் நியாயம் என்று முதலில் சொன்ன லூதர், பிறகு அவர்களைக் கொன்று அடக்கும்படி பிரபுக்களைத் தூண்டி எழுதினார். ஆயிரக்கணக்கில் விவசாயிகள் செத்தார்கள். 1543-ல் யூதர்களுக்கு எதிராக அவர் எழுதிய நூல் இன்னும் கொடுமை. ஜெபாலயங்களை எரிக்கச் சொன்னார். நானூறு வருஷம் கழித்து நாஜிகள் அதை எடுத்துப் பயன்படுத்திக்கொண்டார்கள். உலக லுத்தரன் கூட்டமைப்பு 1984-ல் அந்த எழுத்துகளை வெளிப்படையாக நிராகரித்தது. கிருபையைப் பற்றி அவ்வளவு எழுதியவர் பக்கத்து வீட்டு யூதருக்கு அதைக் காட்டவில்லை என்பது அவர் வரலாற்றில் அழிக்க முடியாத பகுதி.

தமிழ்நாட்டுக்கு எப்படி வந்தது?

ஜெர்மானியர்களான சீகன்பால்க், புளுட்சோ இருவரும் டென்மார்க் ராஜா நான்காம் ஃபிரடெரிக் அனுப்ப, 1706 ஜூலை 9-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். ஆளுக்கு அவரவர் மொழியில் வேதம் என்ற லூதரின் கொள்கையைச் சீகன்பால்க் அப்படியே இங்கே செயல்படுத்தினார். தமிழ் கற்றார், லூதரின் சிறிய ஞானோபதேசத்தைத் தமிழாக்கினார். 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடி அச்சகத்தில் முழுமையாக அச்சாகி வந்தது. அந்த ஊரில் 1718-ல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில் இன்றும் வழிபாடு நடக்கிறது. அந்த மரபில் வந்த தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை 1919-ல் உருவானது, தலைமையகம் திருச்சி.

கத்தோலிக்கர்களோடு இன்னும் சண்டைதானா?

சீட்டு விற்பனைக்குக் கத்தோலிக்கத் திருச்சபையே முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. திரெந்து பொதுச்சங்கம் 1562-ல் வசூல்காரர்களை ஒழித்தது. 1567-ல் போப் ஐந்தாம் பயஸ், காசோடு தொடர்புடைய எல்லாத் தண்டனைக் குறைப்புகளையும் ரத்து செய்தார். தண்டனைக் குறைப்பு என்ற போதனை அங்கே இன்றும் உண்டு, விற்பனை இல்லை.

1999 அக்டோபர் 31-ல், ஆக்ஸ்பர்க் நகரில், நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டு அறிக்கையில் இரு தரப்பும் கையெழுத்திட்டன. மீட்பு கடவுளின் கிருபையால் மட்டுமே என்பதில் எங்களுக்குள் அடிப்படை வேறுபாடு இல்லை என்பது அதன் சாரம். 2016-ல் இதே தேதியில் போப் பிரான்சிஸ் ஸ்வீடனின் லுண்ட் நகரில் லுத்தரன் தலைவர்களோடு சேர்ந்து வழிபாடு நடத்தினார். போப்பின் அதிகாரம், குருத்துவம், ஒரே பந்தியில் நற்கருணை ஆகியவற்றில் இடைவெளி இன்னும் இருக்கிறது.

கடைசியாக ஒரு செய்தி. ஜெர்மனியில் நவம்பரில் 'மனந்திரும்புதல் நாள்' என்று ஒரு புதன்கிழமை உண்டு. 1995-ல், முதியோர் பராமரிப்புக் காப்பீட்டுக்கு நிதி தேவை என்று அந்த விடுமுறையை எல்லா மாநிலங்களும் ரத்து செய்தன. லூதரின் பழைய நாடான சாக்சனி மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக, அங்கே வேலை பார்ப்பவர்களின் சம்பளத்தில் அந்தக் காப்பீட்டுக்கு மற்ற மாநிலத்தவரைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்துக்கொள்கிறார்கள். மன்னிப்பு இலவசம் என்று முழங்கிய மண்ணில், மனந்திரும்பும் நாளுக்கு இன்றும் மாதாமாதம் காசு போகிறது. லூதர் இருந்திருந்தால் இதற்கும் ஒரு பிரசுரம் எழுதியிருப்பார்.